கிளம்பாத வண்டி

ஓடாத வண்டிக்கு வைத்தியர்கள் அதிகம். நடுத் தெருவில் ஒரு வேன் நின்றுவிட்டால் போதும். வெற்றிலைபாக்குக் கடைக்காரர், சைக்கிளில் போகிறவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் எல்லோரும் ஆளுக்கொரு நோயைச் சொல்லிவிடுவார்கள். ஒருவர் பாட்டரி என்பார். இன்னொருவர் பெட்ரோலில் தண்ணீர் என்பார். வண்டி கொஞ்சம் பழையதாக இருந்துவிட்டாலோ, "என்ஜினே போச்சு, வயசாயிடுச்சில்லே" என்று ஒரு பெரிய மனிதர் தலையை ஆட்டுவார். அதற்குமேல் யாரும் பேசுவதில்லை.

உண்மையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மிகச் சிறியது. சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி விழுகிறதா, சிலிண்டருக்குள் காற்று இறுகுகிறதா என்று பார்க்கவேண்டும். சுற்றவே இல்லை என்றால் அந்த மூன்றையும் அப்படியே வைத்துவிட்டு, பாட்டரி, வயர், செல்ஃப் மோட்டார் என்று வேறு வழியே போகவேண்டும். பாதிச் சந்தேகம் ஒரே கேள்வியில் கழிந்துவிடும்.

சார்லஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் வந்தது. அதற்கு முன்னெல்லாம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றவேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை ஒடிந்துபோகும். ஆனால் சுற்றுகிறவனுக்கு என்ஜினின் தெம்பு கையிலேயே தெரிந்துவிடும். சாவி வந்ததும் கைக்கு இருந்த அந்த அறிவு போயிற்று. மிச்சம் இருப்பது காது. அதை உபயோகிக்கத் தெரிந்த ஒருவரை நிலக்கோட்டைப் பக்கம் பார்த்தேன்.

அங்கே உறவினர் ஒருவரின் மல்லிகைத் தோட்டத்தில் சில நாள் தங்கியிருந்தேன். விடியற்காலையில் பறிக்கும் மொட்டு, மொட்டாகவே மதுரை மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். வழியில் விரிந்துவிட்டால் விலை போகாது. பூவை ஏற்றிப்போக ஒரு பழைய பெட்ரோல் வேன் வரும். பத்து நாளாக அதைத் தள்ளித்தான் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். புதுப் பாட்டரி போட்டும் பயனில்லை. அன்றைக்கு மழை ஈரத்தில் சக்கரம் புதைந்து, தள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

வேன்காரப் பையனின் முகம் வாடிவிட்டது. "காயலான்கடைக்காரர் விலை பேசிட்டுப் போயிருக்காரு சார். என்ஜின் பிடிச்சுப்போச்சாம். அப்பா வாங்கின வண்டி. நாளைக்குக் கொடுத்துட்டு, இனிமே கூலிக்குத்தான் ஓட்டணும்" என்றான்.

பக்கத்து ஊரிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். வந்தவர் எதையும் கழற்றவில்லை. "தம்பி, சாவியைத் திருப்பு" என்றார். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். முன்விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி திருப்பச் சொன்னார். விளக்கு மங்கவே இல்லை.

"நேத்து தள்ளினப்போ கிளம்புச்சா?"

"ஒரே தள்ளுல கிளம்பிருச்சுங்கய்யா."

"அப்ப என்ஜின் எப்படிய்யா பிடிச்சிருக்கும்? பெட்ரோலும் பொறியும் சரியா இருக்கப்போய்த்தானே ஓடுச்சு?"

பிறகு ஒரு தடித்த கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டார். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிற்று.

விஷயம் இதுதான். செல்ஃப் மோட்டாருக்குப் போகிற மின்சாரம் திரும்பி வரவும் வழி வேண்டும். மோட்டார் என்ஜினோடு பிணைந்தது. என்ஜினோ ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருப்பது. ஆகவே என்ஜினையும் பாடியையும் ஒரு செம்புப் பட்டை இணைக்கிறது. சேறும் தண்ணீரும் தெறித்து, அந்தப் பட்டையைப் பிடித்திருந்த போல்ட்டில் துரு ஏறிவிட்டது. விளக்குகளுக்கு அந்தப் பட்டையின் தயவு தேவையில்லை. அவை பாடி வழியாகவே பாட்டரிக்குத் திரும்பிவிடும். அதனால் அவை பிரகாசமாக எரிந்தன. என்ஜினையே உருட்டவேண்டிய மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அது துருவைத் தாண்டி வரவில்லை. மோட்டார் சும்மா இருந்ததால் பாட்டரியும் தளரவில்லை.

மெக்கானிக் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புதுப் பட்டை ஒன்றைப் பூட்டினார். ஆளும் பேருமாகத் தள்ளி வேனை மேட்டில் ஏற்றிவிட்டார்கள். பூ நேரம் கழித்துத்தான் மதுரைக்குப் போயிற்று; அன்றைய விலையில் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். ஆனால் காயலான்கடைக்காரருக்கு வண்டி கிடைக்கவில்லை.

கதை எழுதுகிறவர்களுக்குப் பெரிய காரணங்கள்மேல் ஒரு மோகம் உண்டு. ஒரு குடும்பம் சிதறினால் அதற்கு விதி, வறுமை, துரோகம் என்று ஏதாவது கனமாக வேண்டும் எங்களுக்கு. வெளியுலகமும் அப்படித்தான் இருக்கிறது. மூட்டு வலிக்கிறது என்று பாட்டி சொன்னால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று எழுந்து போய்விடுகிறோம். வயசு என்பது ஒரு நோயின் பெயர் என்று யார் நமக்குச் சொன்னார்களோ! அந்த மெக்கானிக் வேனின் வயசை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என்ன சத்தம் வருகிறது, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்றுதான் கேட்டார். இன்னும் வேலை செய்வது எது என்று கேட்டுப் பார்க்கிற பொறுமை இருந்தால், எத்தனையோ வண்டிகளும் மனிதர்களும் மூலையில் கிடக்கவேண்டியதில்லை.