கையெழுத்துள்ள விதை

மலேசியச் செம்பனைத் தொழிலின் வேர் கோல சிலாங்கூரில் இருக்கிறது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளின் வம்சம் சுமத்ராவின் டெலி வட்டாரத்துக்குப் போய், அங்கிருந்து ரந்தாவ் பாஞ்சாங் வந்து சேர்ந்தது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே அதை வணிகப் பயிராக்கினார். செம்பனையில் பூர்வீகத்தைக் கேட்காமல் விதை வாங்கக்கூடாது. தூரா, பிசிஃபெரா என்ற இரு வகைகளின் கலப்பான தெனராதான் அதிக எண்ணெய் தரும். ஆனால் நாற்றங்காலில் கன்றைப் பார்த்து வகை சொல்ல முடியாது. கண்ணால் அறிய, காய்த்த பிறகு பழத்தை வெட்டிக் கொட்டையின் ஓட்டைப் பார்க்க வேண்டும். தெனரா தெனராவோடு சேர்ந்து உதிர்த்த விதையைப் பொறுக்கி நட்டால் ஏறக்குறைய கால் பங்கு பிசிஃபெராவாகும். அவற்றில் பெரும்பாலானவை காய் பிடிப்பதில்லை. அதனால்தான் விதை விற்க இங்கே உரிமம் வேண்டும். பார்த்துச் சோதிக்க முடியாத பொருளுக்கு அது வந்த வழியே சோதனை. மென்பொருளும் அத்தகைய பொருள்தான். திறமூல இயங்குதளங்களில் பொதி மேலாண்மை எப்படிப் பிறந்தது என்று தேடியபோது எனக்குப் புலப்பட்டதும் இதுவே: அதன் அடிப்படை வசதியல்ல, பொறுப்பு.

1993இல் வந்த ஸ்லாக்வேர், மென்பொருள்களைச் சுருக்கிக் கட்டிய மூட்டைகளாகத் தந்தது. ஒரு மூட்டைக்கு வேறொன்று துணையாகத் தேவைப்பட்டால், அதைக் கண்டுபிடிப்பது பயனர் பாடு. அதே ஆண்டு டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக் தம் அறிக்கையில் சொன்ன குறை கவனிக்கத்தக்கது: லினக்ஸ் வழங்கல்கள் நன்றாகத் தொடங்குகின்றன, பிறகு பராமரிப்பார் இல்லாமல் போகின்றன என்பது அவர் வாதம். எளிமை பற்றிய பேச்சைவிடப் பராமரிப்பு பற்றிய கவலைதான் அங்கே மேலோங்கி நிற்கிறது. 1994இல் டெபியனுக்கு டிபிகேஜி என்ற பொதிக் கருவி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றொரு திறமூல இயங்குதளத்தில் ஜோர்டன் ஹப்பர்ட் போர்ட்ஸ் முறைக்கு அடிகோலினார். 1995இல் ரெட் ஹேட் தன் பொதிக் கருவியான ஆர்பிஎம்மைக் கொண்டுவந்தது. துணைப் பொதிகளைத் தானே தேடி எடுத்துவரும் ஆப்ட் 1999இல் டெபியனின் நிலைப்பதிப்பில் இடம்பெற்றது. பொதிகள் இருக்கும் களஞ்சியத்தின் கையொப்பத்தை ஆப்ட் சரிபார்க்கும் ஏற்பாடு டெபியன் நிலைப்பதிப்புக்கு வர 2007 ஆயிற்று. பிந்தி வந்தாலும், முறையை முழுமையாக்கியது அதுதான்.

பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், ஒரு தோட்டப் பள்ளிக் கணினியில் தமிழ்99 விசைமுறை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உபுண்டு இயங்குதளத்தில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்' என்று கட்டளையிட்டால் போதும். எம்17என் நூலகமும், விசைப்பலகை வரையறைகள் அடங்கிய தரவுப் பொதியும் கூடவே இறங்கும். இந்த ஒரு வரிக்குள் எத்தனை ஊர்கள்! விசைமுறை, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழி வந்தது. எம்17என் ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவானது. லோகித் தமிழ் எழுத்துருவையும் சேர்த்தால் அது ரெட் ஹேட் 2004இல் திறந்துவிட்டது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சலை நம்பியவர்கள் ஒரு மனிதரின் பெயரை நம்பினார்கள். முகமறியாத பலர் கை சேர்ந்த பொருளுக்கு அந்த வழி போதாது. அதனால் ஒவ்வொரு பொதியிலும் பராமரிப்பாளர் பெயர், பதிப்பு எண், மாற்றக் குறிப்பு, துணைப் பட்டியல் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன.

பொறுப்பு என்ற இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் ஒப்பீடு எளிதாகிறது. டெபியன் நிலைப்பதிப்பு ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வரும். இடையில் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெரும்பாலும் பழைய பதிப்பிலேயே ஒட்டித் தரும். டிஎன்எஃப் என்ற பொதிக் கருவி ஆளும் ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு தரும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் பதின்மூன்று மாதம்தான். ஆர்ச், பேக்மேன் என்ற கருவி வழியாக எந்நாளும் புதியதைத் தரும். அதன் பயனர் களஞ்சியமான ஏயூஆரில் யாரும் செய்முறை எழுதிப் போடலாம், படித்துப் பார்க்கும் வேலை நம்முடையது. 2025 ஜூலையில் அங்கிருந்து தீநிரல் கலந்த சில பொதிகளை நீக்க வேண்டிவந்தது. ஃப்ரீபிஎஸ்டியோ அடித்தளத்தைத் தனியே வைத்து, வெளி மென்பொருள்களை 'யூஎஸ்ஆர் லோக்கல்' அடைவுக்குள் ஒதுக்கிவிடும். கட்டளைகள் மாறுவது சிறிய வேறுபாடு. பொறுப்பில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு நம் தலையில் என்பதே பெரிய வேறுபாடு.

துணை நூலகங்களையும் உள்ளே அடைத்துத் தரும் ஃப்ளாட்பேக், ஸ்னாப் வந்தபின் இதெல்லாம் புதியவருக்கு எதற்கு என்று கேட்கலாம். அவை துணைப் பொதிச் சிக்கலைக் குறைக்கின்றன, உண்மை. ஆனால் உள்ளே அடைத்த நூலகங்களுக்கு யார் திருத்தம் போடுவார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னும் கனமான மறுப்பு, எக்ஸ்இஸட் என்ற தரவுச் சுருக்க நூலகத்தின் விவகாரம். 2024 மார்ச்சில் அந்த நூலகத்துக்குள், பல காலம் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பராமரிப்பாளர் கணக்கு வழியாகவே கள்ளவாசல் நுழைந்திருந்தது தெரியவந்தது. கையொப்பம் சரியாகத்தான் இருந்தது! எனவே கையொப்பம் நன்மைக்கு உத்தரவாதமல்ல. வழியைக் காட்டும் சான்று மட்டுமே. ஆனால் கதையின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். தொலைநுழைவு அரை விநாடி தாமதமானதைச் சந்தேகித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் துருவியதால் குட்டு உடைந்தது. எந்தப் பதிப்பு, எந்தக் கிளை என்ற கணக்கு இருந்ததால் வழங்கல்கள் விரைந்து பின்வாங்கின. டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்த அது நிலைப்பதிப்பைத் தொடவில்லை. பெயரற்ற கோப்பைப் பென்டிரைவில் கொடுத்து வாங்கும் இடத்தில் இப்படித் திரும்பிப்பார்க்க வழியே இல்லை.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் டெபியனையோ, அதன் வழிவந்த உபுண்டு, மின்டையோ எடுப்பது நல்லது. வேண்டியதை முதலில் அதிகாரபூர்வ களஞ்சியத்தில் தேடுங்கள். ஏதோ பக்கத்தில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டி ஓட்டாதீர்கள். புதியது உடனே வேண்டுமென்றால் ஃபெடோரா இருக்கிறது. ஆர்ச்சையும் ஃப்ரீபிஎஸ்டியையும் ஆவணங்களைப் படிக்கும் பழக்கம் வந்தபிறகு தொடட்டும். நிறுவுமுன் பொதியின் விவரத்தைத் திறந்து, பராமரிப்பாளர் யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.