பீஜிங்கில் ஒரு தாஜ்மஹால்... பறக்காத ஒரு விமானம்!

பீஜிங் நகரின் தென்மேற்கில், ஃபெங்தாய் மாவட்டத்தில் ஒரு தாஜ்மஹால் இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் ஈஃபிள் டவர். இன்னும் கொஞ்சம் நடந்தால் எகிப்து பிரமிடு, சாய்ந்த கோபுரம், நியூயார்க்கின் வானுயர்ந்த கட்டடங்கள். எல்லாமே அசலின் குட்டி வடிவங்கள். 1993-ல் திறக்கப்பட்ட இந்த இடத்தின் பெயர் 'வேர்ல்டு பார்க்', அதாவது உலகப் பூங்கா.

பீஜிங்கை விட்டு நகராமலே உலகத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்பதுதான் விளம்பரம். விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம். காலையில் பாரிஸ், மதியம் லண்டன், சாயங்காலம் ஆக்ரா! குடும்பத்தோடு போய் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

சரி, அந்த ஆக்ராவில் இந்திய உடை போட்டு ஆடுகிற பெண் யார்? ஆட்டம் முடிந்ததும் அவர் எங்கே போகிறார்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போன படம்தான், சீன இயக்குநர் ஜியா ஜாங்கே 2004-ல் எடுத்த 'தி வேர்ல்டு'. பீஜிங் பூங்காவிலும், ஷென்ஜென் நகரில் உள்ள 'விண்டோ ஆஃப் தி வேர்ல்டு' என்ற இதே மாதிரியான பூங்காவிலும் படமாக்கினார்கள். ஷென்ஜென் பூங்காவின் ஈஃபிள் டவர் 108 மீட்டர் உயரம். அசலில் மூன்றில் ஒரு பங்கு!

மேடைக்குப் பின்னால்

படத்தின் நாயகி தாவோ, பூங்காவின் நடனக்காரி. நடித்தவர் ஜாவோ தாவோ. முதல் காட்சியிலேயே, பளபளக்கும் உடையோடு மேடைக்குப் பின்னால் இருக்கும் நீண்ட வழியில், "யாரிடமாவது பேண்ட்-எய்டு இருக்கா?" என்று கத்திக்கொண்டே நடக்கிறார். அடுத்த சில நிமிடங்களில் மேடையில் விளக்கு, இசை, கைத்தட்டல். காலில் வலியோடு ஆடுகிறார்கள் என்பது கைத்தட்டுபவர்களுக்குத் தெரியாது.

பூங்காவுக்குள் ஓடும் மோனோ ரயிலில் இந்திய உடையோடு போகும்போது தாவோவுக்கு போன் வருகிறது. இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். நாம் சிரித்துவிடுவோம். ஆனால், அவரால் போக முடிகிற இந்தியா அந்த ரயில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது என்று புரியும்போது சிரிப்பு நின்றுவிடும்.

அவருடைய காதலன் தைஷெங், பூங்காவின் செக்யூரிட்டி. ஷான்ஷி மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பூங்காவின் இரட்டைக் கோபுரத்தைக் காட்டி, அமெரிக்காவில் அது இடிந்துவிட்டது, எங்களிடம் இன்னும் நிற்கிறது என்று பெருமைப்படுவார்.

ஊர் பெயர் ஒட்டிக்கொள்ளும் நகரம்

இந்த இளைஞர்கள் ஏன் நகரத்தில் இருந்தும் நகரத்துக்காரர்கள் ஆகவில்லை? இதைப் புரிந்துகொள்ள 'ஹூகோ' தெரிய வேண்டும். 1958-லிருந்து சீனாவில் நடைமுறையில் இருக்கும் குடும்பப் பதிவு முறை அது. ஒருவர் எந்த ஊரில் பதிவானாரோ, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவ உதவி போன்ற பல சலுகைகள் அந்த ஊரோடு கட்டப்பட்டிருக்கும். பல வருடம் பீஜிங்கில் உழைத்தாலும், காகிதத்தில் அவர்கள் வெளியூர்க்காரர்கள்தான்.

2008 ஒலிம்பிக்ஸுக்காக பீஜிங் வேகமாக உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் இப்படி வந்தவர்களே. படத்தில் தைஷெங்கின் ஊர்ப் பையன் ஒருவன் கட்டட வேலைக்கு வருகிறான். அவனும் தாவோவும் பாதி கட்டிய கட்டடத்தில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போகிறது. அதில் யார் போவார்கள் என்று அவன் கேட்கிறான். தனக்குத் தெரிந்த யாருமே விமானத்தில் போனதில்லை என்கிறார் தாவோ. இத்தனைக்கும் பூங்காவில் நிஜ விமானம் ஒன்று நிற்கிறது. அதில் ஏர்ஹோஸ்டஸ் உடை போட்டு வேலை பார்ப்பவரும் அவர்தான். அந்த விமானம் பறக்காது!

கூடுதல் சம்பளத்துக்காக இரவு வேலைக்குப் போகும் அந்தப் பையன் விபத்தில் இறந்துபோகிறான். சாகும் முன் அவன் எழுதிக்கொடுத்தது, யார் யாருக்கு எவ்வளவு கடன் தர வேண்டும் என்ற பட்டியல். எல்லாமே சின்னச் சின்னத் தொகைகள். ஊரிலிருந்து வரும் அப்பாவிடம் இழப்பீட்டுப் பணம் தரப்படுகிறது. அவர் அதை வாங்கி சட்டைக்குள் வைத்துக்கொள்கிறார், ஒரு வார்த்தை பேசாமல். படத்திலேயே மனதைப் பிசையும் இடம் அதுதான்.

சிநேகிதி அன்னா

பூங்காவில் ஆட ரஷ்யாவிலிருந்து அன்னா வருகிறார். அழைத்து வந்தவர் முதல் வேலையாக பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார். தாவோவுக்கு ரஷ்யன் தெரியாது. அன்னாவுக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் சிநேகிதிகள் ஆகிறார்கள். நாடு விட்டு நாடு போக முடிகிற அன்னாவைப் பார்த்துத் தாவோவுக்குப் பொறாமை! பிறகு ஒரு கேளிக்கை விடுதியின் கழிவறையில் அன்னாவைச் சந்திக்கும்போதுதான், அந்தச் சுதந்திரத்தின் நிஜ முகம் தெரிகிறது. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மொழி தேவைப்படவில்லை.

ஜியாவின் முந்தைய படங்கள் சீனத் தியேட்டர்களில் அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை. அரசு அனுமதி பெற்ற அவரது முதல் படம் இது. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல், மெதுவாக நகரும். முடிவு கனமானது என்பதால் குட்டீஸ் தூங்கிய பிறகு பாருங்கள்.

பார்க்கும்போது, படத்தின் பெயர் திரையில் வரும் இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள். தூரத்தில் ஈஃபிள் டவர் கம்பீரமாக நிற்கிறது. முன்னால், முதுகில் மூட்டையோடு குப்பை பொறுக்கும் முதியவர் ஒருவர் நடந்து வருகிறார். நடுவில் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். அப்போதுதான் அந்த எழுத்துகள் தோன்றுகின்றன: 'உலகம்'.