திண்டுக்கல் வெயிலில் ஓடுகிறீர்களா? துடிப்பைக் கவனியுங்கள்!

விடிந்தும் விடியாத நேரம். மலைக்கோட்டைப் பாறை இன்னும் கறுப்பாகத்தான் தெரிகிறது. திண்டுக்கல்லில் ஓடுகிறவர்களுக்கு இதுதான் நேரம். எட்டு மணி ஆனால் வெயில் விரட்ட ஆரம்பித்துவிடும். சிறுமலை பக்கத்திலேயே இருந்தாலும் அதன் குளுமை ஊருக்குள் இறங்குவதில்லை.

ஓடுகிறவர்களில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் இளைஞர்களும் உண்டு. காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். இப்போது சிலர் கையில் ஸ்மார்ட் வாட்ச்சும் ஏறிவிட்டது. ஆனால், ஓடி முடித்ததும் பார்ப்பது கிலோமீட்டரையும் நேரத்தையும்தான். பெரிய அணிகள் பார்ப்பது வேறு.

டி.வி-யில் கிரிக்கெட் பார்க்கும்போது சில வீரர்களின் முதுகில், கழுத்துக்குக் கீழே லேசாகப் புடைத்திருக்குமே... கவனித்திருக்கிறீர்களா? ஜெர்சிக்குள் போடும் இறுக்கமான பனியனில் இருக்கும் ஜி.பி.எஸ் கருவி அது. எவ்வளவு தூரம் ஓடினார், என்ன வேகம், எத்தனை முறை திடீரெனப் பாய்ந்தார் என்பதெல்லாம் பதிவாகும். இந்திய அணிக்கு இது 2018-லேயே வந்துவிட்டது. அந்த அணியில் ஆடிய அஸ்வின்தான், 2024-ல் திண்டுக்கல் டிராகன்ஸுக்கு டி.என்.பி.எல் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன்! நத்தத்தில் இருக்கும் என்.பி.ஆர் கல்லூரி மைதானம்தான் இந்த மாவட்டத்தின் கிரிக்கெட் முகவரி.

உண்மையில், இந்தக் கருவியின் பெரிய உதவி வீரரை ஓடவைப்பதில் இல்லை; நிறுத்துவதில்தான். வழக்கத்தைவிட ஒரே வாரத்தில் ஓட்டம் திடீரென எகிறினால் தசையில் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடும். கணக்கு கையில் இருந்தால், 'இன்னைக்கு நீ ரெஸ்ட் எடு' என்று கோச் தைரியமாகச் சொல்லலாம்.

திண்டுக்கல் மாதிரி ஊரில் தூரத்தைவிட முக்கியம் இதயத்துடிப்பு. வெயிலில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கம் திரும்பும். வியர்வையில் நீரும் குறையும். அதனால், ஜனவரியில் ஓடிய அதே வேகத்துக்கு மே மாதத்தில் இதயம் கூடுதலாகத் துடிக்கும். நேரத்தை மட்டும் பார்ப்பவர், 'ஸ்பீடு குறைஞ்சிடுச்சே' என்று தன்னை இன்னும் விரட்டுவார். ஆபத்து அங்கேதான்.

வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் ரத்தம் பாய்வதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. பட்டை தளர்வாக இருந்தால் கணக்கு தப்பும். நெஞ்சில் கட்டும் பெல்ட் இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பதால் துல்லியம் அதிகம்.

இதெல்லாம் வாங்க வசதி இல்லையா? காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். தினமும் நோட்டில் குறித்து வாருங்கள். வழக்கமாக 60 வருகிறவருக்கு ஒருநாள் 70 வந்தால், தூக்கம் போதாமல் இருக்கலாம், காய்ச்சல் வரப்போகலாம், முந்தைய ஓட்டத்தின் களைப்பு தீராமலும் இருக்கலாம். அன்றைக்கு ஓட்டம் வேண்டாம், நடை போதும்.

ஓடும்போது தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, பேச்சு குழறினாலோ வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், 108-க்கு ஒரு போன்.