சாளரத்துச் சித்திரங்கள்

ஆடித் திங்களில் மேற்கு மலையினின்று இறங்கும் காற்று எங்கள் கம்பத்து வீடுகளின் சாளரங்களை ஓயாது அலைக்கும். கோணியோ கந்தலோ, கையில் அகப்பட்டதைக் கொண்டு இடுக்குகளை அடைப்போம். காசுமீரத்து ஸ்ரீநகரில் கடைக்காரர் ஒருவரும் முன்பு அவ்வாறே செய்தார். ஆனால் அவர் சாளரத்தை மறைத்தவை அக்பர் பேரரசர் வரைவித்த ஓவியங்கள்!

1881-ஆம் ஆண்டில், இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்திற்குப் பொருள் தேடி வந்த பர்டன் கிளார்க் என்பார் அவற்றைக் கண்டு வாங்கினார். ஹம்சா என்னும் வீரரைப் பற்றிய பாரசீகக் கதைக்கு எழுந்த சித்திரங்கள் அவை. பாரசீகத்தினின்று வந்த மீர் சையத் அலியும் அப்துஸ் சமதும் ஒருவர்பின் ஒருவராகத் தலைமை தாங்க, ஓவியர் பலர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தனர். பருத்தித் துணியில், இரண்டடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஒருபுறம் சித்திரமும் மறுபுறம் கதையுமாக அமைந்தவை ஏறத்தாழ 1,400. இன்று எஞ்சியவை 200-க்கும் குறைவே. அவற்றுள்ளும் பெரும்பகுதி இலண்டனிலும் வியன்னாவிலும் உள்ளது.

அக்கடைக்காரரைப் பழிக்க என் மனம் ஒருப்படவில்லை. காற்றைத் தடுப்பதே அவர் கவலை. நம்மவரும் செல்லரித்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர் அல்லரோ? தீயிலும் இட்டனர். உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்து மீட்டவை சில, மீளாதவை எத்தனையோ! ஆனால், அறியாமையால் அழிந்ததைப் பொறுக்கும் நெஞ்சம் வேண்டுமென்றே சிதைத்ததைப் பொறுப்பதில்லை. ஸ்ரீநகரில் கிடைத்த சித்திரங்கள் பலவற்றில் மாந்தர் முகங்களை எவரோ சுரண்டியிருக்கின்றனர். உடையின் மடிப்பும் மரத்தின் இலையும் துலங்க, முகம் இருந்த இடம் வெறுமையாய் நிற்கின்றது.