பிஸ்டன் ரிங்கும் இரு கைத்தொழில்களும்: சந்தாபுராப் பட்டறைகள் குறித்து

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையை அடுத்து வரும் சந்தாபுராவுக்குத் தமிழக எல்லை அருகில் இருப்பதால், அங்குள்ள கார்ப் பட்டறைகளில் கன்னடத்தோடு தமிழும் இயல்பாகப் புழங்குகிறது. நீலப் புகை தள்ளி, ஆயிலைக் குடித்து, இழுவை குறைந்து வரும் வண்டியின் எஞ்சினை இறக்கும்போது, மெக்கானிக்கின் முதல் ஐயம் பிஸ்டனின் காடிகளில் அமர்ந்திருக்கும், ஓரிடத்தில் பிளவுபட்ட உலோக வளையமாகிய ரிங் மீதே விழுகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1850களில் நீராவி எஞ்சினுக்கென வகுத்த இவ்வளையம், இன்றைய கார் பிஸ்டனில் பெரும்பாலும் மூன்றாக அமைகிறது: மேலிரண்டும் எரிந்த வாயுவின் அழுத்தம் கீழே கசியாமல் தடுக்க, மூன்றாவதான ஆயில் ரிங் சிலிண்டர் சுவரின் மிகை எண்ணெயை வழித்து இறக்குகிறது.

ரிங் மாற்றும் வேலை இரு கைகளில் பிரிந்துள்ளது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து 'போர் போடுவதும்', எண்ணெய் தங்குவதற்கான குறுக்குக் கோடுகளை ஹோனிங் மூலம் சுவரில் இடுவதும் லேத்துப் பட்டறையின் பொறுப்பு. கடைசல் தூள் துளியும் தங்காதபடி சோப்புநீரில் கழுவிப் பிஸ்டனைப் பூட்டுவது மெக்கானிக்கின் பொறுப்பு. இரண்டும் சந்திக்கும் இடம் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள 'கேப்' ஆகும். ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் வைத்து, கவிழ்த்த பிஸ்டனால் கோணாமல் தள்ளி, ஃபீலர் கேஜின் தகட்டை முனைகளுக்கிடையே செருகி இதை அளக்கின்றனர். விட்டத்தின் ஒவ்வொரு 25 மி.மீட்டருக்கும் சுமார் 0.1 மி.மீ. என்ற பொதுக்கணக்கின்படி, 68.5 மி.மீ. விட்டமுள்ள மாருதி 800 எஞ்சினுக்கு ஏறத்தாழ 0.27 மி.மீ. வரும், எனினும் தயாரிப்பாளர் தரும் அளவே முடிவானது. கேப் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் சுவரைக் கீறும். மிகுந்தால் வாயு கசியும். விட்டம் 0.1 மி.மீ. கூடினால் சுற்றளவு 0.31 மி.மீ. கூடுமாதலால், கடைசலின் சிறு பிழையையும் கேப் மும்மடங்காக்கிக் காட்டிவிடுகிறது.

பூட்டும்போது ஆயில் ரிங்கின் நெளிவளையம் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முதலில் அமர்கிறது. பின்னர் அதன் மெல்லிய தகடுகளும், இரண்டாம் ரிங்கும், மேல் ரிங்கும் ஏறுகின்றன. புள்ளியோ எழுத்தோ பொறித்த பக்கம் மேல்நோக்க வேண்டும். எண்ணெய் வழிப்பதிலும் பங்குள்ள, சரிவான முகமுடைய இரண்டாம் ரிங் தலைகீழானால், வழித்திறக்க வேண்டிய எண்ணெயை மேலேற்றிவிடும். கேப்கள் ஒரே நேர்கோட்டில் வராதபடி திருப்பப்பட்டு, ரிங் கம்ப்ரசரால் இறுக்கிய பிஸ்டன் சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டி இறக்கப்படுகிறது. தட்டும் ஓசையோ கைக்குக் கிடைக்கும் தடையோ மாறிய கணமே தேர்ந்த மெக்கானிக் நிறுத்திப் பிஸ்டனை வெளியே எடுக்கிறார். மீறி அடித்தால் ரிங் உடையும்.

பெங்களூரின் எலகங்காவில் ரிங் தயாரிக்கும் ஆலை இருந்தும், அங்கு காக்கப்படும் நுண்ணளவு பட்டறையில் இறுதியாக அளக்கப்படும்வரை நிறைவுறுவதில்லை. வண்டி மீண்டும் புகைத்தால், எஞ்சினை மறுபடி இறக்கும் கூலி லேத்துக்காரருடையதா மெக்கானிக்குடையதா என்ற தகராறு எழுவது இயல்பு. ஒவ்வொரு சிலிண்டரின் கேப்பையும் பூட்டுமுன் குறித்து வைக்கும் பட்டறையில், அதற்கு விடை சொல்ல அந்தக் குறிப்பே போதும்.