கல்லுப்பட்டிக் கரிசலுக்குக் கீழே

திருமங்கலத்தைத் தாண்டி ராஜபாளையம் சாலையில் போகப் போக இரண்டு பக்கமும் மண் கறுத்துக்கொண்டே வரும். டி. கல்லுப்பட்டி வந்துவிட்டால் பருத்தி, மக்காச்சோளம் என்று கரிசல்காட்டு வெள்ளாமைதான். மேற்கே சதுரகிரி மலை நீலமாகத் தெரிகிறது. ஊருக்குப் பக்கத்தில் தேவன்குறிச்சி மலை. பேர்தான் மலை, கரிசலுக்கு நடுவே துருத்தி நிற்கும் பாறைக்குன்று. ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் தங்கியிருந்த காந்தி நிகேதன் ஆசிரமம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1976-ல் தொல்லியல் துறை இங்கே அகழாய்வும் நடத்தியது.

கரிசல் என்றாலே எரிமலைக் குழம்பிலிருந்து வந்த மண் என்று பிள்ளைகள் பாடத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். மகாராஷ்டிரத்துக் கரிசலுக்கு அது சரி. கல்லுப்பட்டிக்குப் பொருந்தாது. இங்கே அடியில் கிடப்பது நைஸ், சார்னோக்கைட், கிரானைட் வகைப் பாறைகள். நாம் பொதுவாகக் கருங்கல் என்போம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மழையில் கரைந்து, தண்ணீர் வடியாத தாழ்ந்த சமவெளியில் தங்கியபோது, அங்கே உருவான களிமண்தான் இந்தக் கரிசல்.

அந்தச் சுண்ணாம்பு முழுவதும் மண்ணோடு கலந்துவிடுவதில்லை. கோடையில் ஈரம் ஆவியாகும்போது கீழே உருண்டை உருண்டையாக இறுகிவிடும். அதுதான் சுக்கான் கல். உழும்போது மேலே வரும் இந்த உருண்டையைப் பிள்ளைகள் முட்டை என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதில் கேலி பண்ண ஒன்றுமில்லை. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று நாடே பேசியது. பார்த்தால், பழைய கடலடி வண்டல் இறுகிய உருண்டைகளும் அம்மோனைட் என்ற கடலுயிரியின் எச்சங்களும்தான். சுக்கானைத் தட்டிப் பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கருங்கல் பொடி நுரைக்காது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கிளிஞ்சலும் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுக் கல்மரமும் கிடைக்கும்போது, கல்லுப்பட்டிப் பாறையில் மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? அங்கே கடல் இருந்தது, வண்டல் படிந்தது, செத்த உயிர் அதில் புதைந்தது. மதுரைப் பக்கத்துப் பாறையோ ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து உருமாறியது. அந்தச் சூட்டில் எந்த எலும்பும் ஓடும் மிஞ்சாது. மேலே மூடியிருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோய், அடியில் இருந்தது இன்று நம் காலடிக்கு வந்திருக்கிறது.

இது பிள்ளைகள் பாடத்தோடு நிற்கிற சங்கதி இல்லை. வெந்த பாறையில் மணலைப்போல இடைவெளி கிடையாது. தண்ணீர் நிற்பது இரண்டே இடத்தில்: மேலே உக்கிப்போய் உதிரும் பாறையிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும். ஆழம் போகப் போக மேலுள்ள பாறையின் கனம் அழுத்துவதால் வெடிப்புகள் பொதுவாகக் குறையும். ஆனாலும் பக்கத்துக் காட்டில் 600 அடி என்றால் நாம் 800 அடி போடுவோம் என்று நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்த 200 அடியில் வெறும் பாறைத்தூள் மட்டுமே வரலாம். வெடிப்பு பக்கத்துக் காட்டில் ஓடி, நம் காட்டில் ஓடாமலும் போகலாம்.

சுக்கானுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது மேலாக இருக்கும் காட்டில் வேர் ஆழம் இறங்காது. சுண்ணாம்பு மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது; நிலக்கடலை இளந்தழை நரம்பு மட்டும் பச்சையாக நின்று வெளுக்கும். யூரியா போட்டு அந்த வெளுப்பு தீராது, மண்ணைப் பரிசோதித்த பிறகு மருந்து தேடுவதே நல்லது.

அடுத்து ஊரில் போர் போடும் வண்டி வந்தால், பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து உட்காரவைக்கலாம். எத்தனை அடியில் தூளின் நிறம் மாறியது, எங்கே ஈரம் கண்டது, எங்கே கட்டுப்பாறை தொடங்கியது என்று எழுதட்டும். பத்துக் கிணற்றுக்கு அப்படிக் குறிப்பு சேர்ந்தால், பதினோராவது கிணறு வெட்டுகிறவர் எங்கே நிறுத்தலாம் என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும்.