குடியை விட்ட பிறகு வந்த இருட்டு

1) நான் டாக்டர். குடிநோயாளியும்தான். குடியை விட்டு ஆறு வருஷம் ஆகுது. இதை இங்க முதல் தடவையா எழுதுறேன். காரணம், போன வாரம் ஓபியில ஒரு அம்மா சொன்னது: "என் பையன் குடிய விட்டு ஒன்றரை மாசம் ஆச்சு சார். ஆனா முகத்துல சிரிப்பே இல்ல. குடிச்சப்பவே தேவலாம் போல."

2) அந்த நாட்கள் எனக்குத் தெரியும். முதல் வாரம் உடம்பு படுத்தும்: கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. (பல வருஷம் தினமும் குடிச்சவங்க வீட்லயே திடீர்னு நிறுத்தாதீங்க. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில நிறுத்துங்க.)

3) அது அடங்கினதும் எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கோ பல் தேய்க்கவே மனசு வரல. மகள் மடியில வந்து உக்காந்தா எதுவுமே தோணல. இதுக்கா நிறுத்தினோம்னு நினைச்சேன். இந்த இடத்துலதான் பலர் திரும்பக் குடிக்கிறாங்க.

4) இது திமிரோ சோம்பேறித்தனமோ இல்லை. மதுவுக்குப் பழகிய மூளை, சாதாரண சந்தோஷத்தை உணர நாளாகும். பலருக்கு 2 முதல் 4 வாரத்தில் மெல்ல விலகும். விலகலைன்னா அது மனச்சோர்வு நோயா இருக்கலாம். அதுக்கும் சேர்த்து சிகிச்சை வேணும்.

5) எனக்கு விலகல. மத்தவங்களுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை எனக்குன்னு கேட்க வெட்கம். ஒரு ராத்திரி செத்துடலாம்னு தோணுச்சு. விடிஞ்சதும் மனைவிகிட்ட சொன்னேன். அவ திட்டல. செருப்பை மாட்டிக்கிட்டு, "கிளம்புங்க"ன்னா. மனநல மருத்துவர் "தூக்கம் எப்படி இருக்கு?"ன்னுதான் கேட்டார். அழுதுட்டேன்.

6) மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆச்சு. மனச்சோர்வு மாத்திரை மது மாதிரி அடிமையாக்காது. ஆனா நீங்களா நிறுத்தக் கூடாது. சாயங்காலம் 7 மணி, நான் குடிக்கிற நேரம். அப்போ மகளோட கேரம் போர்டு. பல நாள் சும்மா காயைத் தள்ளினேன். ஒருநாள் அவ கள்ளாட்டம் ஆடினதைக் கண்டுபிடிச்சு சிரிச்சுட்டேன். மனைவி அந்தத் தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சா.

7) அந்த அம்மாகிட்ட சொன்னேன்: "நாளைக்கே பையனைக் கூட்டிட்டு வாங்க. திட்டாமக் கூட்டிட்டு வாங்க."

சாகணும்னு தோணுறவங்க தனியா இருக்காதீங்க. வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. 14416 டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.